ரெண்டு சொட்டு தைலம்

அந்த கேள்விய நான் எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கணுமா வேண்டாமான்னு இன்னும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. கேஷுவாலிட்டில வேலை பாக்கிறவங்களுக்கு தெரியும், ஃபிட்ஸ் வந்த குழந்தைய தூக்கிட்டு ஓடி வரும்போது கூட வர்ற அத்தன பேரும் ஒரே நேரத்துல பேசுவாங்க, ஆனா நமக்கு வேண்டிய அந்த ஒரு விஷயம் மட்டும் யார் வாய்லயும் வராது. ஒன்றரை வயசு குழந்தை. டாக்டர் மிடசோலம் குடுத்து ஃபிட்ஸ் நின்னுடுச்சு, ஆக்ஸிஜன் போயிட்டு இருக்கு, குழந்தை கண்ணே தொறக்கல. ரெண்டு நாளா சளி, காலையில இருந்து ஜுரம்னு அம்மா அழுதுகிட்டே சொல்றாங்க. நான் வழக்கம்போல "வீட்ல மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா"ன்னு கேட்டேன். பாட்டி தான் முந்திக்கிட்டு சொன்னாங்க, "மருந்து ஒன்னும் குடுக்கலைங்க சிஸ்டர்." மறுபடி கேட்டேன், அதே பதில்.

எச்சிலை சக்ஷன் போட்டு எடுக்க குனிஞ்சப்ப தான் குப்புனு நீலகிரி தைல வாசம்.

"அம்மா, குழந்தை வாய்ல தைல வாசம் அடிக்குது, எவ்வளவு குடுத்தீங்க?" சத்தமா தான் கேட்டேன். குழந்தையோட அம்மா திரும்பி மாமியார பாத்தாங்க. பாட்டி புடவை முந்தானைய கையில சுத்திக்கிட்டே, "சக்கரையில ரெண்டே சொட்டுங்க, சளி எளகட்டும்னு. எம் பசங்களுக்கெல்லாம் அப்படித்தானுங்க குடுத்து வளத்தேன்"னாங்க. அப்புறம் என்னைப் பாத்து, "உங்க மேலயும் அதே வாசந்தானுங்களே வருது"ன்னாங்க.

உண்மை தான். எனக்கு சைனஸ் தொல்லை, நைட் டியூட்டினா கர்ச்சீஃப்ல தைலம் விட்டு பாக்கெட்ல வச்சிருப்பேன், மூக்கு அடைச்சா எடுத்து மோந்துக்குவேன். அப்ப நான் மோந்தது குழந்தை வாயையா இல்ல என் பாக்கெட்டயா? அவங்களே குடுத்ததா ஒத்துக்கிட்டாங்களே, அப்புறம் என்னன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். ஆனா அந்த வாசத்த ஆதாரமா வச்சு தான நான் அவ்வளவு உறுதியா கேட்டேன், அது எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியலன்னா அந்த உறுதிக்கு என்ன அர்த்தம்?

கேக்காம விட்டிருக்க முடியாதுங்கிறதுல மட்டும் எனக்கு சந்தேகமே இல்ல. நீலகிரி தைலம், அதாவது யூகலிப்டஸ் எண்ணெய் உள்ள போனா அரை மணி நேரத்துக்குள்ளயே மயக்கம், வாந்தி, ஃபிட்ஸ் எல்லாம் வரலாம், சின்ன குழந்தைங்களுக்கு ஒரு டீஸ்பூன் அளவே பெரிய ஆபத்து. சாதாரணமா விஷம் குடிச்ச கேஸ்னா ஜனங்க உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைப்பாங்க, அது எப்பவுமே தப்பு, இதுல இன்னும் ரொம்ப தப்பு, எண்ணெய் திரும்பி மேல வரும்போது நுரையீரல்ல எறங்கிச்சுன்னா நிமோனியா வந்துரும். அதனால டாக்டருக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சாகணும். கற்பூரமும் அப்படித்தான். தேங்கா எண்ணெயில கற்பூரத்த போட்டு காய்ச்சி பச்சக் குழந்தை நெஞ்சுல தேய்க்கிறது நம்ம ஊர்ல எத்தன வீட்ல நடக்குது, அது தோல் வழியாவே உள்ள போகும், ஃபிட்ஸ கெளப்பி விடும்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. பெங்களூர்ல நரம்பியல் டாக்டர்ங்க பெரியவங்களுக்கே தைலமும் கற்பூரமும் கலந்த பாம் தேய்ச்சு, மோந்து ஃபிட்ஸ் வந்த கேஸ்கள சேத்து எழுதியிருக்காங்க, அத நிறுத்தினதும் நிறைய பேருக்கு ஃபிட்ஸ் திரும்ப வரல. 2021ல கோவிட் நேரத்துல கற்பூரம், கிராம்பு, ஓமம், தைலம் எல்லாம் துணியில முடிஞ்சு மோந்தா ஆக்ஸிஜன் ஏறும்னு ஒரு மெசேஜ் வாட்ஸ்அப்ல சுத்துச்சே, அப்ப வார்டுல தலகாணிக்கு கீழ எல்லாம் அந்த முடிச்சு இருந்துச்சு. ஆக்ஸிஜன் ஏறவே ஏறாது.

இதுக்காக வாசன எண்ணெய் எல்லாமே ஏமாத்துனு நான் சொல்ல மாட்டேன். ஆபரேஷனுக்கு முன்னாடி பயந்து நடுங்கிற சில பேருக்கு பஞ்சுல ஒரு சொட்டு லாவெண்டர் வச்சா மூச்சு கொஞ்சம் நிதானமாகுறத நான் பாத்திருக்கேன், அது எண்ணெயால தானா இல்ல ஒருத்தர் பக்கத்துல நின்னு அக்கறையா ஏதோ செய்றதாலயான்னு கேட்டா பிரிச்சு சொல்ல முடியல. ஐபிஎஸ்ங்கிற (IBS) குடல் கோளாறால வயித்து வலியோட அவதிப்படுற பேஷன்ட்டுக்கு பெப்பர்மின்ட் ஆயில் கேப்ஸ்யூல் டாக்டருங்களே எழுதுறாங்க, அதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு. ஊட்டிக்கு போயிட்டு வர்றவங்க வாங்கிட்டு வர்ற விண்டர்கிரீன் ஆயிலும் மூட்டு வலிக்கு இதமா தான் இருக்கும், ஆனா அதுல ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி உள்ள போனா கிட்டத்தட்ட 7 கிராம் ஆஸ்பிரின் முழுங்கின மாதிரி, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க அத தோல்ல நிறைய தேய்ச்சாலே ரத்தக் கசிவு வரலாம். பாட்டில்ல இதெல்லாம் யாரு எழுதியிருக்காங்க, எழுதியிருந்தாலும் யாரு படிக்கிறாங்க.

சரி, அந்த குழந்தைக்கு வர்றேன். அப்பா வீட்டுக்கு ஓடிப்போய் பாட்டில எடுத்துட்டு வந்தார். பாதிக்கு மேல காலி. ஆனா அது எப்ப வாங்கினது, முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. மூடி சரியா மூடாம கட்டிலுக்கு கீழ கெடந்துச்சுன்னார். ரெண்டு சொட்டுங்கிறது 0.1 மில்லி தான், பாட்டி சொன்னது நிஜம்னா அந்த அளவுக்கு ஃபிட்ஸ் வர்றது கஷ்டம். குழந்தையே எடுத்து குடிச்சிருக்கலாம். இல்லேன்னா தைலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாம ஜுரத்தாலயே ஃபிட்ஸ் வந்திருக்கலாம், அந்த வயசுல அது சகஜம். டாக்டர் கேஸ் ஷீட்ல ரெண்டையும் எழுதி ரெண்டுக்கு பக்கத்துலயும் கேள்விக்குறி போட்டார். மறுநாள் குழந்தை எழுந்து இட்லி கேட்டுச்சு, எக்ஸ்ரேல நெஞ்சும் சுத்தம்.

ஆனா வீட்டுக்காரங்களுக்கு கேள்விக்குறி எல்லாம் கெடையாது. டிஸ்சார்ஜ் பண்ணும்போது மருமக என்கிட்ட "நல்லவேளை நீங்க கண்டுபுடிச்சீங்க சிஸ்டர், இனிமே அத்தைகிட்ட குழந்தைய விடவே மாட்டேன்"னாங்க. பாட்டி ரெண்டடி தள்ளி பையோட நின்னாங்க, காதுல விழுந்துச்சு. "அப்படி முடிவா சொல்ல முடியாதும்மா, ஜுரத்தாலயும் வந்திருக்கலாம்"னு சொன்னேன். சொன்னேன் தான், ஆனா தைலம்னு நான் சத்தமா கேட்ட அளவுக்கு இத சத்தமா சொன்னேனான்னு தெரியல. மருமக தலைய ஆட்டிட்டு போயிட்டாங்க.

இன்னொன்னும் உறுத்துது. மருந்து குடுக்கலன்னு அவங்க சொன்னத அன்னிக்கு நான் பொய்னு தான் எடுத்துக்கிட்டேன், என் குரல்லயும் அது தெரிஞ்சிருக்கும். ஆனா தைலத்த மருந்துன்னு எந்த வீட்ல நெனைக்கிறாங்க? மளிகைக் கடையில கெடைக்குது, ஸ்கூல் பையில வச்சு விடுறாங்க. அவங்க என்னை ஏமாத்த நெனைக்கல, நான் கேட்டதுக்கு சரியா பதில் சொன்னாங்க. இப்பல்லாம் நான் மருந்துன்னு கேக்கிறதில்ல. என்ன தேய்ச்சீங்க, என்ன மோந்து பாக்க வச்சீங்க, நாக்குல என்ன தடவினீங்க, ரூம்ல ஏதாச்சும் புகை, டிஃப்யூசர் வச்சீங்களான்னு ஒவ்வொன்னா கேக்குறேன், புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுக்குறேன். பதில் வருது.

ஒரு ஜூனியர் பொண்ணு, "அப்போ பாட்டிய மட்டும் தனியா கூப்ட்டு கேட்டிருக்கலாமே அக்கா"ன்னு கேட்டா. கேட்டிருக்கலாம். ஆனா குழந்தை அப்படி கெடக்கும்போது ஒருத்தர தனியா வெளிய கூட்டிட்டு போனா மத்தவங்களுக்கு அதுவே பதில் ஆயிடாதா, அதுக்குள்ள குழந்தை வாந்தி எடுத்திருந்தா பக்கத்துல யாரு இருந்திருப்பா? அவகிட்ட இதத்தான் சொன்னேன். அவ சரிக்கான்னு சொன்னா, ஒத்துக்கிட்ட மாதிரி தெரியல.