வழிகாட்டி விண்மீன்

மார்ச் 2, திங்கள்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கு இந்த வாரத்துக்கான பட்டியல் மேலே போய்விட்டது. நாங்கள் பொத்தானை அழுத்தி அழுத்தித் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டிருப்பதாகப் பலருக்கு நினைப்பு. எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். அதுவே ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போகும். நாளில் சில மணி நேரம்தான் எங்களுக்கு ஆன்டெனா. அப்போது சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டும்.

மார்ச் 4, புதன்

அதிகாலை 3.40. வந்த தரவு குறைவு. நாலு மணி நேரப் பார்வை ஒன்று விடுபட்டிருந்தது. பதிவைப் பிரித்துப் பார்த்தால், வழிகாட்டி விண்மீன் சிக்கவில்லை.

படம் கலங்காமல் இருக்க, பக்கத்தில் ஏதாவது ஒரு விண்மீனைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று கொடுத்திருந்தோம். முதலாவதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விண்மீனே இல்லை, தாளில் எண்ணெய் பட்ட மாதிரி ஓரம் மங்கிய குட்டி கேலக்ஸி. இரண்டாவது, ஒட்டிக்கொண்ட இரட்டை. மூன்றாவது, விண்மீன் பட்டியலில் சொன்னதைவிட மங்கல். அந்தப் பட்டியலின் பெரும்பகுதி தரையிலிருந்து எடுத்த பழைய படங்களில் இருந்து வந்தது; அங்கே புள்ளியாகத் தெரிந்ததெல்லாம் மேலே போனால் புள்ளியாக இருப்பதில்லை.

தொலைநோக்கி மூன்றையும் முயன்றுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருந்தது. சமர்த்து. இதற்காகவே காத்திருந்த ஆய்வாளருக்கு மின்னஞ்சல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

மார்ச் 5, வியாழன்

“நாளைக்கே எடுக்கலாமா?” என்று ஆய்வாளர் கேட்கிறார். வெயில் கவசத்தின் நிழலைவிட்டுக் கண்ணாடி வெளியே வரக் கூடாது. அதனால் ஜேம்ஸ் வெப்புக்கு ஒரு நேரத்தில் வானத்தில் ஏறக்குறைய 39 சதவீதம்தான் எட்டும். இவருடைய இலக்கு இன்னும் 11 நாள்தான் எட்டும். அப்புறம் பல மாதம் கழித்துத்தான்.

மார்ச் 7, சனி

வெயில் தள்ளுகிறது என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். உண்மையிலேயே தள்ளுகிறது. கவசத்தில் படும் ஒளி தொலைநோக்கியை மெல்லத் திருப்பப் பார்க்கும். ரியாக்‌ஷன் வீல்கள், அதாவது உள்ளே சுழலும் சக்கரங்கள், அதைத் தாங்கித் தாங்கி வேகம் ஏறிக்கொண்டே போகும். அவ்வப்போது உந்தியைக் கொளுத்தி அந்த வேகத்தை இறக்க வேண்டும்.

இன்று அந்த நாள். கட்டளை போனது. 15 லட்சம் கிலோமீட்டர்: போக 5 விநாடி, வர 5 விநாடி. அந்தப் பத்து விநாடியும் அறையில் யாரும் நாற்காலியைக்கூட நகர்த்துவதில்லை. டெலிமெட்ரியில், அதாவது தொலைநோக்கி அனுப்பும் நிலைத் தகவலில், வீல் வேகம் இறங்க ஆரம்பித்ததும்தான் ஒருவர் இருமினார்.

மார்ச் 9, திங்கள்

புதிய சூப்பர்நோவா, அதாவது வெடித்த விண்மீன். அதை நுழைக்க, கட்டிய பட்டியலைப் பிரித்து மறுபடி கட்டினோம். நம் ஆய்வாளரின் முறை மார்ச் 10-இலிருந்து 12-க்குப் போனது. இந்த முறை மூன்று விண்மீன்களையும் விண்மீன்களை அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகளோடு நானே ஒத்துப்பார்த்தேன்.

மார்ச் 13, வெள்ளி

முதல் விண்மீனே பிடிபட்டது. நாலு மணி நேரமும் நழுவவில்லை. தரவு காப்பகத்துக்குப் போய்விட்டது. ஒரு வருடத்துக்கு அது அவருடையது. அவர் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது ஓரத்தில் இருந்த அந்த விண்மீனை மட்டும்தான்.