செம்மண்ணுல ஒரு சாம்பல் கோடு

ஜெர்மனில இருக்குற மச்சான் போன மாசம் வாட்சப்ல ஒரு போட்டோ அனுப்பிருந்தாரு. பச்சைப்பசேல்னு புல்லுத்தரை, நடுநடுவுல சின்னச்சின்ன வாய்க்கா, ஓரத்துல பலகை போட்ட மதகு. லாண்டாவ்ங்கிற ஊர்ப்பக்கம் க்வைஷ் ஆத்துத் தண்ணிய மறிச்சு மாட்டுப்புல்லு வளர்ற நெலத்துல பாய விடுறாங்க, பல நூறு வருசப் பழக்கம். தண்ணியோட வர்ற வண்டல்தான் அந்தப் புல்லுக்கு உரமாவும் இருந்திருக்கு. 2023 டிசம்பர்ல ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ், இத்தாலினு 7 நாட்டோட இந்தப் பாசன அறிவ யுனெஸ்கோ மரபுப் பட்டியல்லயே சேத்துட்டாங்க. பல எடத்துல பாசனம் நின்னுபோயும் மேடும் பள்ளமுமா அதோட தடம் மட்டும் புல்லுக்குள்ள அப்படியே தெரியுதாம்.

போட்டோவ பார்த்ததும் எனக்கு எங்க ஊர் மேக்காட்டுப் பொட்டல்தான் ஞாபகம் வந்துச்சு. காரைக்குடிப் பக்கம் வர்றவங்க வீட்டப் பார்க்குறாங்க, ஆத்தங்குடிக் கல்லப் பார்க்குறாங்க, வயக்காட்டுப் பக்கம் யாரும் திரும்புறதில்ல. பெரிய ஆறு இல்லாத சீமை இது, ஐப்பசி கார்த்திகைல பெய்யுற மழைய வருசம் முழுக்க வச்சுக் குடிக்கணும், விவசாயமும் பண்ணணும்னா என்ன செய்வாங்க, அதான் ஊருக்கு ஊர் பாசனத்துக்கு ஏரி மாதிரி கண்மாயும், குடிக்க ஊருணியும். ஒரு கண்மாய் நெறஞ்சு, மிச்சத் தண்ணி வெளியேறுற கலுங்கு வழிஞ்சா அந்தத் தண்ணி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அது நெறஞ்சா அதுக்கடுத்தது, இப்படியே சங்கிலி மாதிரி. ஏந்தல், வயல், ஊருணினு முடியுற ஊர்ப்பேரெல்லாம் அந்தத் தண்ணிக் கணக்குலருந்து வந்ததுதான்.

எங்க ஊர்ல முன்னாடி நீர்பாய்ச்சியா, அதாவது வயலுக்குத் தண்ணி தெறந்து விடுற ஆளா இருந்த பெரியப்பா ஒருத்தர் இருக்காரு, அவரோட ரெண்டு ஞாயித்துக்கிழமை நடந்தேன். சுத்தி எல்லாம் செக்கச்செவேல்னு சரளை மண்ணு, ஒரு எடத்துல கம்ப ஊணிட்டு "இங்க பாருப்பு, மண்ணு நெறம் மாறுதா"ன்னாரு. ஆமா, நாலஞ்சு அடி அகலத்துக்கு சாம்பல் நெறத்துல நைசான மண்ணு, மேல கோரை மொளைச்சிருக்கு. கம்பு சரளைல எறங்கல, அதுக்குள்ள சொருகுனா ஒரு முழம் எறங்குது. எத்தனையோ மழைல தண்ணி கொண்டாந்து படிய விட்ட வண்டல் அது. பள்ளமே தூந்து போச்சு, ஆனா கோடு மட்டும் சீமைக்கருவேலத்துக்குள்ள நொழஞ்சு நேரா கண்மாய்ப் பக்கம் போகுது. அதுதான் கண்மாய்க்குத் தண்ணி கொண்டாந்த பழைய வரத்துக்கால். நான் சின்னதுலருந்து அத மிதிச்சுக்கிட்டேதான் பள்ளிக்கூடம் போயிருக்கேன்.

கண்மாய்க்குள்ள குமிழி, அதாவது வயலுக்குத் தண்ணி தெறந்து விடுற பழைய கல்மதகு, இன்னும் நிக்குது. கரைலருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ரெண்டு கல்லுத்தூணு, குறுக்கால பலகைக்கல்லு, அடில கல்லுத்தொட்டி. தொட்டி மேல ஒரு பெரிய துளை நீரோடி, கீழ உள்ள சின்னத்துளை சேறோடி. துளைய அடைச்சிருக்குற கட்டைய தூக்குனா மேல தண்ணி போகும், கீழ சேறு கலங்கிப் போகும், ரெண்டும் கரைக்கு அடில போற சுருங்கை வழியா வயலுக்கு. அதாவது கண்மாயும் மேடாகாது, வயலுக்கும் வண்டல் கெடைக்கும், ஒரே வேலைல ரெண்டும் முடிஞ்சிரும், இத யோசிச்ச ஆளுங்கள நெனச்சா எனக்கு ஒடம்பு சிலிர்க்குது. கண்மாய் பெருகிக் கெடக்குறப்ப பெரியப்பா முங்கி நீந்திப் போய் கட்டைய எடுப்பாராம். கல்லுத்துளைல கைய விட்டுப் பார்த்தேன், உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு.

கலுங்குல நட்ட குத்துக்கல்லும் இருக்கு. மழை முடியுற நேரத்துல கல்லுக்கு எடையில வைக்கோலும் மண்ணும் அடைச்சு இன்னும் கொஞ்சம் தண்ணிய நிறுத்துவாங்க. எவ்வளவு அடைக்கலாம்னு மேலூருக்கும் கீழூருக்கும் பேச்சு உண்டு, ஏன்னா இங்க அடைச்சா அங்க கொறையும்.

எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, அந்தச் சாம்பல் கோட்டு மேல இப்ப பிளாட் கல்லு நட்டுருக்கு. வரத்துக்கால மண்ணு போட்டு மூடி ரோடு போட்டுட்டாங்க. போன மழைக்கு கீழத்தெருவுல முழங்கால் தண்ணி, கண்மாய்ல பாதிகூட இல்ல. 2017ல அரசு குடிமராமத்துனு பழைய பேர்லயே திட்டம் கொண்டாந்து பல ஊர்ல கண்மாய தூர்வாருனாங்க, நல்ல விஷயம், ஆனா வர்ற வழி அடைஞ்சு கெடந்தா தூர்வாரி என்ன செய்ய?

யாராவது எடம் வாங்கப்போறீங்கன்னா புலப்படம், அதாவது அந்த நெலத்தோட அரசு அளவைப் படம், எடுத்துப் பாருங்க, ஆன்லைன்லயே கெடைக்குது, அதுல ஒடுக்கமா ஒரு துண்டு நெலம் குறுக்கால ஓடுனா அ-பதிவேடுங்கிற அரசு நெலக் கணக்குல வாய்க்கால் புறம்போக்கானு பார்த்துருங்க. எங்க ஊருக்கு நான் படத்த பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். பெரியப்பாவுக்குப் படம் படிக்கத் தெரியாது, நான் விரல வச்ச எடத்தயெல்லாம் "இது ஒத்தப்பனை திருப்பம், இது ரெண்டா பிரியுற எடம்"னு சொல்லிக்கிட்டே வந்தாரு. ஒரு எடத்துல மட்டும் படத்துல கோடே இல்ல, அவரு இருக்குங்குறாரு. வர்ற ஞாயித்துக்கிழமை கம்ப எடுத்துக்கிட்டு அங்கதான் போறோம்.