பிரவ்னிக்கும் சேர்த்து ஒரு வீடு

2023 பிப்ரவரியில் கொழும்பிலிருந்து குன்னூருக்கு வந்தோம். நான், கணவர், எங்கள் ஆறு வயது நாய் பிரவ்னி. நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் (வரிசை வீட்டில்) பிறந்தவள். தேயிலையும் மூடுபனியும் எனக்குப் பழகியவை. வீடு தேடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

"நாயை அங்கேயே யார்கிட்டயாவது விட்டுட்டு வந்திருக்கலாமே" என்று பலர் கேட்டார்கள். மாமி, அதாவது கணவரின் அம்மா, மட்டும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் அவருடையது. 1974இல், ஒன்பது வயதில், தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். பிரிகிறவர்களின் அழுகையால் மலையகத்தில் அதற்கு அழுகைக் கோச்சி என்றே பேர்; கோச்சி என்றால் ரயில். அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டம். வளர்த்த நாயை லயத்து வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அது பக்கத்து வீட்டில் சோறு தின்னாமல் கிடந்ததாக ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்ததாம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் மாமியின் குரல் உடைந்துவிடும்.

பிரவ்னியைக் கொண்டுவந்த கதை சுருக்கமானது. இரண்டு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர் இரண்டு செல்லப்பிராணிகள் வரை கூட்டிவரலாம். கணவர் அந்த வகையில் வந்தார். வெறிநோய்த் தடுப்பூசி, உடல்நலச் சான்று, விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று எல்லாம் கையில் இருந்ததால் சென்னையில் சிக்கல் இல்லை.

குன்னூரில் மூன்று வாரத்தில் பதினோரு வீடு பார்த்தோம். சிலருக்கு என் இலங்கை பாஸ்போர்ட் தடை. வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை சி படிவத்தில் அரசிடம் பதிய வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்த வேலையே வேண்டாம் என்றார்கள். ஒரு அடுக்குமாடியில், நாய் கூடாது என்று சங்கமே முடிவெடுத்திருக்கிறது என்றார்கள். சங்கங்கள் அப்படித் தடைபோடக் கூடாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக்குத் தந்தே ஆக வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. காகிதத்தைக் காட்டிச் சண்டை போட்டு நுழைகிற வீட்டில் நிம்மதி இருக்காது என்று விட்டுவிட்டோம்.

மற்ற இடங்களில், குரைக்கும், கடிக்கும், முடி கொட்டும் என்றெல்லாம் சொல்வார்கள் என எதிர்பார்த்துப் போனேன். "கடிக்க மாட்டாள், ரொம்ப சாது" என்று ஒவ்வொரு வாசலிலும் ஒப்பித்தேன். ஆறாவது வீட்டில் ஒரு பாட்டி என் பேச்சை நிறுத்தினார். "கடிக்கும்னு யாரும்மா சொன்னா? நாய் இருந்தா சிறுத்தை வரும். போன மாசம் எதிர்வீட்டு நாயைத் திண்ணையிலேர்ந்தே தூக்கிட்டுப் போச்சு. எங்க வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு."

எனக்கு அப்போதுதான் விஷயமே புரிந்தது. இங்கே தோட்டமும் சோலையும் வீட்டுச் சுவரை ஒட்டியே இருக்கின்றன. சிறுத்தைக்குத் தெருநாய் சுலபமான இரை. இரவில் வாசலில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்த நாய் ஓடவும் முடியாது. அந்தப் பாட்டி பயந்ததில் ஒரு தப்பும் இல்லை. நாங்கள்தான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வீட்டிலிருந்து, பிரவ்னி ராத்திரி எங்கே இருப்பாள் என்பதை முதலில் சொன்னேன். இருட்டும் முன்பே உள்ளே வந்துவிடுவாள். எங்கள் அறையில்தான் படுப்பாள். சோற்றுக் கிண்ணத்தை வெளியே வைக்க மாட்டோம். காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான், அதுவும் கயிறு பிடித்து, வெளியே கூட்டிப்போவோம்.

பதினோராவது வீடு அருவங்காட்டில். மேல்வீடு எங்களுக்கு, கீழே வீட்டுக்காரர்கள். அவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்கென்றே 1907இல் தொடங்கிய இடம் அது. பிரவ்னியின் தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். அடுத்த ஊசிக்கான தேதியைத் தன் காலண்டரில் குறித்துக்கொண்டார். எனக்கு அங்கேயே பாதி பாரம் இறங்கிவிட்டது. அவர் மனைவி மட்டும் தயங்கி நின்றார்.

சிலர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டிருந்தார்கள். இவர் மூன்று மாத வாடகையோடு முடித்துக்கொண்டார். சி படிவத்தை என் கணவரே பக்கத்தில் உட்கார்ந்து பதிந்து கொடுத்தார். ஒப்பந்தத்தின் கடைசியில், அந்த அம்மா சொல்லச் சொல்ல, ஒரு வரி கையால் எழுதிச் சேர்த்தோம்: "மாலை ஆறு மணிக்கு மேல் நாய் வெளியே இருக்கக் கூடாது."

இப்போது ஆறு மணி ஆனால் கீழேயிருந்து அவர் குரல் வரும். "பிரவ்னி உள்ள வந்துட்டாளா?"

"வந்துட்டாம்மா" என்று நான் சொன்ன பிறகுதான் அவர் தன் வீட்டுக் கதவைச் சாத்துவார்.