செல் சவ்வின் மூன்று கோடுகளும் படத்தில் விழ வேண்டுமானால்

கறுப்பு, வெளுப்பு, கறுப்பு என்று மூன்று கோடுகளாகச் செல் சவ்வைப் பார்க்கலாம் என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தால், பெரும்பாலும் கிடைப்பது மங்கலான ஒற்றைக் கோடுதான். உடனே பழி கருவிமேல் விழும். கோளாறு அநேகமாக அதற்கு முந்தைய நாட்களின் வேலையில்தான் இருக்கும்.

பழக எலியின் சிறுகுடல் நல்ல திசு. அங்குள்ள மைக்ரோவில்லைகள் (செல்லின் மேற்பரப்பில் விரல்போல நீளும் நுண்ணிய நீட்சிகள்) குறுக்காக வெட்டுப்பட்டால் சவ்வு சுற்றிலும் செங்குத்தாக நிற்கும். அது ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

திசுவை 1 மில்லிமீட்டருக்கு மேல் விடாமல் நறுக்கி, உடனே 2.5% குளூட்டரால்டிஹைடில் போட வேண்டும். 0.1 மோலார் கக்கோடிலேட் பஃபர் (அமில-கார அளவை மாறாமல் வைக்கும் கரைசல்), பிஎச் 7.3, இரண்டு மணி நேரம். கக்கோடிலேட்டில் ஆர்சனிக் இருக்கிறது, கையுறை கட்டாயம். குளூட்டரால்டிஹைடு புரதத்தைப் பிடித்து நிறுத்தும், கொழுப்பை விட்டுவிடும். கொழுப்பைப் பிடிப்பது அடுத்து வரும் 1% ஆஸ்மியம் டெட்ராக்சைடு. அதோடு 1.5% பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு சேர்த்தால் சவ்வு இன்னும் கறுப்பாக வரும். ஆஸ்மியத்தின் ஆவி கண்ணைக் கெடுக்கும், ஃபியூம் ஹூடுக்கு (நச்சாவியை இழுத்து அகற்றும் பெட்டிக்கு) வெளியே திறக்கவே கூடாது. குளூட்டரால்டிஹைடுக்கும் ஆஸ்மியத்துக்கும் நடுவே பஃபரில் மூன்று முறை கழுவுவதைச் சுருக்கினால், மிச்சமிருக்கும் ஆல்டிஹைடு ஆஸ்மியத்தை ஒடுக்கி, படமெங்கும் கரும்புள்ளி இறைத்துவிடும்.

பிறகு நன்றாகத் தண்ணீரில் கழுவி, சாயமேற்ற 1% யுரேனைல் அசிட்டேட்டில் ஓர் இரவு. பாஸ்பேட் பஃபர் பயன்படுத்தியவர்கள் இந்தக் கழுவலில் சோம்பினால் யுரேனைல் பாஸ்பேட் படிந்துவிடும். எத்தனாலில் நீர் நீக்கம், எப்பாக்சி ரெசினில் பதிப்பு, அது இறுக 60 டிகிரியில் 48 மணி நேரம்: இவை வழக்கம்போலத்தான். எத்தனால் கொழுப்பைக் கொஞ்சம் கரைக்கும் என்பதால் அங்கே தேவைக்கு மேல் ஊறவிட வேண்டாம்.

இறுகிய ரெசினை மெல்லிய சீவல்களாக, அதாவது செக்‌ஷன்களாக, வெட்டுவதுதான் உயிர்நாடி. கத்தித் தொட்டியின் நீரில் மிதக்கும் செக்‌ஷன் சாம்பலும் வெள்ளியும் கலந்த நிறத்தில் இருந்தால் தடிமன் ஏறத்தாழ 60 நானோமீட்டர். பொன்னிறம் என்றால் ஒதுக்கிவிடலாம். நடுவில் உள்ள வெளிர்ப் பட்டை சுமார் 3 நானோமீட்டர்தான். 60 நானோமீட்டர் செக்‌ஷனுக்குள் சவ்வு வெறும் 3 டிகிரி சாய்ந்திருந்தாலே மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் 3 நானோமீட்டர் விலகல் வந்து, கறுப்பு வெளுப்பின் மேல் ஏறி மூடிவிடும். அதனால்தான் ஒரே செல்லில் ஓரிடத்தில் மூன்று கோடு, பக்கத்திலேயே ஒற்றைச் சாம்பல். கோனியோமீட்டரில் (மாதிரியைச் சாய்க்க உதவும் நுண்ணோக்கியின் பகுதி) மாதிரியை மெல்லச் சாய்த்துப் பார்த்தால் மறைந்த கோடு சில இடங்களில் பிரிந்து வரும்.

லெட் சிட்ரேட் சாயத்துக்கு ஐந்து நிமிடம் போதும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் லெட் கார்பனேட் படிந்து, படத்தில் கருந்துகள்களாகத் தெரியும். பெட்ரி தட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை வைத்து மூடிக்கொண்டு, மூச்சு படாமல் வேலை செய்ய வேண்டும்.

இனி 80 கிலோவோல்ட், கறுப்பு வெளுப்பு வேறுபாட்டைக் கூட்டச் சிறிய அப்ஜெக்டிவ் அபெர்ச்சர் (எலக்ட்ரான் கற்றை கடக்கும் துளை). 20,000 மடங்கில் அந்த வெளிர்ப் பட்டை 0.06 மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. 1,00,000 மடங்குக்குப் போங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஃபோகஸ் தள்ளியிருந்தால் எந்த விளிம்பிலும் ஃப்ரெனல் வளையம் எனப்படும் கூடுதல் கோடு தோன்றி, பொய்யான இரட்டைக் கோடு காட்டும். ஃபோகஸை மாற்ற மாற்ற இடைவெளியும் மாறினால் அது சவ்வின் அமைப்பு அல்ல.

சரியாக வந்த படத்தில் செல்லின் வெளிச்சவ்வு 7 முதல் 10 நானோமீட்டர் வரை அளவு காட்டும். செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலைப்பின்னலான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிக்குலத்தின் சவ்வு அதைவிட மெல்லியது, அங்கே மூன்று கோடு எடுப்பது இன்னும் சிரமம். கறுப்பாகத் தெரிவது படிந்த உலோகம், கொழுப்பு மூலக்கூறு அல்ல என்பதை அளக்கும்போது மறக்கக் கூடாது.

ரசாயனத்தில் பதப்படுத்திய பாக்டீரியாவில் சவ்வு உள்ளே சுருண்டு நிற்பதைக் கண்டு, 'மீசோசோம்' என்ற உறுப்பாகவே நெடுங்காலம் நம்பினார்கள். வேகமாக உறைய வைத்த மாதிரிகளில் அது காணாமல் போனது. சந்தேகத்துக்கிடமான மடிப்பு எதுவும் படத்தில் வந்தால், உறைய வைத்த மாதிரியோடு ஒப்பிடாமல் அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.