தயிர்சாதத்தைத் தாண்டாத மூணு வயசு

தயிர்சாதம், இட்லி, பிஸ்கட். இதைத் தாண்டி வாயே திறக்காத பிள்ளையா? முதலில் பால் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் பசி செத்துவிடும், இரும்புச்சத்தும் குறையும். சாப்பாட்டுக்கு முன் 2 மணி நேரம் தண்ணீர் மட்டும்.

புதுசைத் தட்டு நிறைய வைக்காதீர்கள். தயிர்சாதத்துக்குப் பக்கத்தில், அதோடு ஒட்டாமல், விரல் நகம் அளவு வெந்த கேரட் போதும். தொட்டாலோ முகர்ந்தாலோ அன்றைய வேலை முடிந்தது. 10, 15 தடவை வைத்த பிறகுதான் பல பிள்ளைகள் கடிக்கும். நாமோ மூணாவது நாளே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இட்லிக்கு அடுத்து தோசை, பிறகு கேரட் துருவிய ஊத்தப்பம். சட்டென்று கீரைக்குத் தாவ வேண்டாம். சாதத்துக்குள் கீரையை ஒளித்துப் பிசைந்தால், பிள்ளை கண்டுபிடிக்கிற அன்று தயிர்சாதமும் தட்டில் மிஞ்சும்.

"இன்னும் ஒரே ஒரு வாய்" கெஞ்சலும் வேண்டாம், போனைக் காட்டி ஊட்டுவதும் வேண்டாம். 20 நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். (பாட்டிகளைச் சமாளிப்பது தனிப் பதிவு!)

எடை ஏறாமல் நின்றாலோ, கட்டியான உணவைக் கண்டாலே ஓங்கரித்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.