அலெக்சாண்ட்ரைட் மோதிரம் வாங்குமுன்

அலெக்சாண்ட்ரைட் நிறம் மாறும் ரத்தினக் கல்: பகலில் பச்சை, குண்டு பல்பின் கீழ் சிவப்பு. கல்லில் கலந்திருக்கும் குரோமியம்தான் காரணம். கடையின் வெள்ளை எல்இடி வெளிச்சத்தை நம்பாதீர்கள். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், பிறகு மெழுகுவர்த்தி அருகே பிடியுங்கள். இலங்கைக் கற்கள் பல, மஞ்சள் கலந்த பச்சையிலிருந்து பழுப்புச் சிவப்புக்கு மாறும். அந்த மங்கிய சிவப்புக்கும் தனி அழகு உண்டு, ஒதுக்கிவிடாதீர்கள்.

ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்: சாம்பல் நீலம் ஊதாவாக மாறினால், அது வனேடியம் சேர்த்த செயற்கைக் குருந்தமாக (மாணிக்கம், நீலக்கல் ஆகியவற்றின் கனிமம்) இருக்கலாம். ஒளிவிலகல் எண் (கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு) காட்டிக்கொடுத்துவிடும், அலெக்சாண்ட்ரைட்டுக்கு 1.75 அளவில், குருந்தத்துக்கு 1.76–1.77. 10 மடங்கு லென்ஸில் வளைந்த கோடுகள் தெரிந்தால் அதுவும் செயற்கைக் கல்லின் அடையாளம், வாங்கவே வேண்டாம். ஆய்வகத்தில் வளர்த்த அலெக்சாண்ட்ரைட்டைப் பிடிக்க இந்த எண் போதாது, இயற்கைக் கல்லுக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒன்றே. இயற்கைக் கல் என்ற ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள். மோதிரத்தில் பதிக்குமுன் எடையைச் சரிபார்த்துவிடுங்கள்.