1,247 கிலோ அரசாணி

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மஞ்சள் பூசணி என்றால் அரசாணிக்காய். தஞ்சாவூர்க்காரரான என் கணவருக்குப் பரங்கிக்காய். திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் தீராத இந்தப் பெயர்ச் சண்டையோடுதான் 2023 அக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு, கலிபோர்னியாவின் பசிபிக் கரையிலுள்ள ஹாஃப் மூன் பே என்ற சிற்றூரில் இரண்டு நாள் நடக்கும் பூசணித் திருவிழாவுக்குப் புறப்பட்டோம்.

சான் மேட்டியோவிலிருந்து மலையைக் கடந்து கடற்கரைக்கு இறங்கும் 92-ஆம் எண் நெடுஞ்சாலை அகலமானதன்று. ஏறக்குறைய 12,000 பேர் வாழும் ஊருக்கு அந்த இரண்டு நாள்களில் வந்து குவியும் கூட்டம் முழுவதும் அதன் வழியாகவே இறங்க முயல்வதால், அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம் எங்களுக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் நீண்டது. சாலையோர வயல்களில் கொடி காய்ந்து காய் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் கிடப்பதைப் பார்த்த அம்மா, "முத்துற வரைக்கும் நல்லா விட்டிருக்காங்க" என்று பாராட்டினார்.

ஊரின் முதன்மைத் தெருவை அழகுபடுத்தப் பணம் திரட்டுவதற்காக 1971-இல் தொடங்கப்பட்ட விழா இது. இன்றும் அதே தெருவில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, இருபுறமும் கைவினைக் கடைகளைப் போட்டுவிடுகிறார்கள். ஓவியங்களும் மண்பாண்டங்களும் அழகாகவே இருந்தன; ஆனால் அவற்றை எந்தக் கண்காட்சியிலும் பார்க்கலாம். நாங்கள் போனது அந்த ஒரு காயைப் பார்க்கத்தான்.

விழாவுக்கு முந்தைய திங்கட்கிழமை இங்கே எடைபோடும் போட்டி நடக்கும். 1974-இல் நடந்த முதல் போட்டியில் வென்ற காய் 132 பவுண்டு, அதாவது சுமார் 60 கிலோ. நாங்கள் போன ஆண்டில் வென்றது 2,749 பவுண்டு, 1,247 கிலோ. மின்னசோட்டா மாநிலத்தின் அனோகா என்னும் ஊரைச் சேர்ந்த தோட்டக்கலை ஆசிரியரான டிராவிஸ் கீங்கர் வளர்த்து, லாரியில் ஏற்றிப் பாதி நாட்டைக் கடந்து கொண்டுவந்த அந்தக் காய் அப்போது உலகச் சாதனையாக அமைந்து, அவருக்கு 30,000 டாலர் பரிசைப் பெற்றுத் தந்தது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் மைக்கேல் ஜோர்டன்! பிஞ்சாக இருந்தபோது கூடைப்பந்து போல உருண்டையாக இருந்ததாம்; ஆண்டும் அந்த வீரரின் சட்டை எண்ணான 23-இல் முடிந்தது.

நேரில் பார்த்தபோது உருண்டைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தன் எடையைத் தானே தாங்க முடியாமல் ஒரு பக்கம் சரிந்து, அரைகுறையாகக் காற்றிறங்கிய பெரிய மூட்டையைப் போல உட்கார்ந்திருந்தது. இத்தகைய காய்களின் மூதாதை, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி பல்லாண்டு தேர்ந்தெடுத்து உருவாக்கிய அட்லாண்டிக் ஜெயன்ட் வகை. 1981-இல் அவர் உலகச் சாதனை படைத்த காயே 493.5 பவுண்டுதான். பெண்பூவுக்கு விடியற்காலையில் கையால் மகரந்தம் தொட்டு வைத்து, கொடிக்கு ஒரே ஒரு பிஞ்சை விட்டு மற்றவற்றைக் கிள்ளி எறிந்து, பகல் வெயில் தோலில் படாமல் மூடிவைத்து வளர்க்கிறார்கள். நன்றாக ஊறும் நாள்களில் ஒரே நாளில் இருபது கிலோ வரை ஏறுவதும் உண்டு. அவசரமாகப் பெருத்து, உட்குழி வரை வெடித்துவிட்டால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். மாதக்கணக்கான உழைப்பு அத்தோடு போயிற்று.

"ஏங் கண்ணு, இத அறுத்து எத்தன ஊருக்குக் குடுப்பாங்க?" என்றார் அம்மா. யாருக்கும் கொடுக்க மாட்டார்கள், நீர்த்துப்போய் ருசியில்லாமல் இருக்கும் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அந்தக் காய்க்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்.

உள்ளூர் அமைப்பொன்று தன் செலவுகளுக்காக நடத்திய கடையில் பூசணிப் பை (pie) என்னும் இனிப்புப் பண்டத்தை வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன். பட்டையும் இஞ்சியும் கிராம்பும் தூக்கலாக இருந்ததால் அதில் காயின் ருசியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் இந்தப் பண்டத்துக்காக டப்பாவில் அடைக்கப்படும் பூசணியில் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் சுற்றுவட்டாரத்தில், வெளிறிய தோலுடைய வேறொரு வகையிலிருந்து வருகிறது. ஆகவே பார்ப்பதற்கு ஒரு காய், செதுக்கி விளக்கு வைப்பதற்கு ஒரு காய், தின்பதற்கு ஒரு காய் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரே காயில் பொரியலும் புளிக்குழம்பும் வைத்து, கொடியின் பூவை மார்கழிக் கோலத்தில் செருகும் எங்கள் வீட்டுக் கணக்கு அம்மாவுக்கு இங்கே பொருந்தவில்லை.

திரும்பும் வழியில் ஒரு வயலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, காய்களைத் தட்டித் தட்டிப் பார்த்து, நான்கு கிலோ அளவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது செதுக்கும் வகை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மறுநாள் காய்ந்த மிளகாயும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்தார். நார் நாராக, இனிப்பே இல்லாமல் இருந்தது. என் கணவர் மரியாதைக்காக இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். அம்மா வெல்லத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.